பார்வைப்புறா

கையில் எடுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் புறா புறாவைப் போல அவ்வளவாக இல்லை. கால் கிடையாது, வயிறு கிடையாது. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து நீட்டிவிட்டாற்போல் ஓர் ஓடு. முன்னால் ஒரு தலை. கழுத்தின் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு. சிறகோரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. மற்றதெல்லாம் சாம்பல் பூச்சு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இருபது புறா ஒரே தோள்பையில் அடங்கிவிடும்.

பிப்ரவரி நடுவில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. இங்கிலாந்தின் கிழக்கே கேம்பிரிட்ஜ்ஷையரில், உறைபனி இன்னும் விலகாத ஒரு வயலோரத்தில், பதினொரு வயதுப் பெண் ஒருத்தி அந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அப்பாவிடம் நீட்டுகிறாள்.

"இதப் பாத்துப் புறா ஏமாறுமா, அப்பா?"

"நீ பாக்குற மாதிரி அது பாக்காதும்மா."

அந்தப் பதிலைத்தான் இந்த அத்தியாயம் விரித்துப் பார்க்கிறது. இந்த அப்பாவும் மகளும் குறிப்பிட்ட எவரும் அல்லர். அப்பகுதி வயல்களில் இப்படிக் கழியும் பல நாள்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு நாள் இது. ஆனால் அவர்கள் பழக்கத்தால் செய்யும் பல காரியங்களை ஆய்வாளர்கள் தனியே எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சிலவற்றில் வேட்டைக்காரரின் அனுபவம் வென்றது. ஒன்றில் பெரிதாகத் தோற்றது.

ஒரு பழைய சொல்

காட்டு விலங்கை வரவழைக்க வேடர் கட்டிவைத்த பழகிய விலங்குக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: பார்வை. பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பைக் காட்டும்போது, பார்வை மானைக் கட்டிக் கட்டித் தேய்ந்த விளாமரத்தையும் சேர்த்தே காட்டுகிறது. கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரியைப் பிடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாள் இருந்தது. இன்று அது சட்டப்படி குற்றம்.

கண்ணால் காண்பதைக் குறிக்கும் சொல்லே கண்ணை ஏமாற்றும் பொருளுக்கும் பெயரானது தற்செயலோ என்னவோ, பொருத்தம் மட்டும் கச்சிதம். ஏனெனில் இந்தக் கலை முழுவதும் பார்வையைப் பற்றியது. எது இரை, எது ஆபத்து, எது தன் கூட்டம் என்பதை அந்த உயிர் எந்த அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்கிறது? அந்த அடையாளத்தை மட்டும் செய்துவைத்தால் போதும். மற்றதைப் பறவையே நிரப்பிக்கொள்ளும்.

இதை மனிதர் கண்டுகொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகையில் 1924இல் அகழ்ந்தபோது, கோரைப்புல்லை வளைத்துக் கட்டி, வண்ணம் பூசி, இறகு செருகிய வாத்துப் பொம்மைகள் ஒரு கூடைக்குள் கிடைத்தன. ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமை. ஏரியில் மிதக்கவிட்டால் மேலே பறக்கும் வாத்து இறங்கிவரும். செய்தவருக்குப் பறவையியல் தெரியாது. வாத்து எதைப் பார்க்கிறது என்பது தெரிந்திருந்தது.

நாமும் இனி அந்தப் பிளாஸ்டிக் ஓட்டைப் பார்வைப்புறா என்றே அழைப்போம்.

கடுகின் உறவுக்காரப் பயிர்

அப்பா முந்தின நாளே வந்து ஒரு மணி நேரம் இருநோக்கியோடு வரப்பில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார். எந்தத் திசையிலிருந்து வருகின்றன, எந்த மரவரிசையை ஒட்டிப் பறக்கின்றன, வயலின் எந்த மூலையில் இறங்குகின்றன என்று குறித்துக்கொண்டார். காட்டுப்புறாவுக்கு வானம் முழுவதும் வழி அல்ல. உயிர்வேலி, ஓடை, தோப்பின் விளிம்பு என்று தரையில் உள்ள கோடுகளைப் பிடித்தே அது பெரும்பாலும் போகிறது. அந்தப் பாதையில் இல்லாத இடத்தில் எத்தனை பார்வைப்புறா வைத்தாலும் நாள் வீண்.

நாம் பேசும் பறவை கோயில் கோபுரத்தில் குடியிருக்கும் மாடப்புறா அல்ல. இது கொலும்பா பலும்பஸ் என்னும் காட்டுப்புறா. அரைக் கிலோ எடை, முக்கால் மீட்டருக்குச் சற்றே கூடுதலான சிறகு விரிவு, இளஞ்சிவப்பு மார்பு. வளர்ந்த பறவைக்குக் கழுத்தில் வெள்ளைத் திட்டு; அந்த ஆண்டுக் குஞ்சுக்கு அது இன்னும் வந்திருக்காது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் இதற்கு ஓர் உறவு உண்டு. கழுத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட நீலகிரிக் காட்டுப்புறா அது. சோலை சுருங்கச் சுருங்க அதுவும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் உறவோ வயலைப் பிடித்துக்கொண்டு பெருகிவிட்டது. இன்று பிரிட்டனில் கூடு கட்டும் காட்டுப்புறா சுமார் 50 லட்சம் ஜோடி.

பெருக்கத்துக்கு ஒரு பெரிய காரணம் இந்த வயலிலேயே நிற்கிறது. ரேப் என்னும் எண்ணெய்ப்பயிர், நம் கடுகின் நெருங்கிய உறவு. அதன் ஒரு வகையிலிருந்து வருவதுதான் கடையில் விற்கும் கனோலா எண்ணெய். 1970களுக்குப் பிறகு பிரிட்டனில் இது வேகமாகப் பரவியது. ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்தால் குளிர்காலம் முழுவதும் முழங்கால் உயரத்துக்கும் கீழே பச்சையாக நிற்கும். மற்ற வயல்கள் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில், முன்பெல்லாம் பட்டினியால் விழுந்திருக்கக்கூடிய புறாக்களுக்கு இது ஓயாத பந்தி. நூற்றுக்கணக்கில் இறங்கும் கூட்டம் இலையைக் கிழித்து நரம்பை மட்டும் விட்டுப்போகும்.

காற்றுக்கு முகம் காட்டி

வேலியை ஒட்டி நான்கு கம்பு ஊன்றி, மறைவலை கட்டி, உள்ளே இரண்டு முக்காலி போட்டாகிவிட்டது. இனிப் பார்வைப்புறா வைக்க வேண்டும்.

மகள் அவற்றை வரிசையாக நட்டுக்கொண்டு போகிறாள். அப்பா சிரித்துக்கொண்டே பின்னாலேயே வந்து கலைக்கிறார். பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசைபோல் நிற்கும் புறாக் கூட்டம் உலகில் எங்கும் கிடையாது. ஒன்றுக்கொன்று இரண்டு தப்படி, மூன்று தப்படி என்று முன்பின்னாக இருக்க வேண்டும். முகம் மட்டும் ஏறக்குறைய ஒரே பக்கம்: காற்று வரும் பக்கம். காற்றுக்கு முதுகு காட்டி மேயும் புறாவின் இறகைக் காற்று தூக்கிவிடும். எழும்பிப் பறக்கவும் எதிர்காற்றுத்தான் தோது.

இறங்குவதும் அப்படியே. விமானம் எதிர்காற்றில் தரையிறங்குவது ஏனோ, புறாவும் அதே காரணத்தால்தான். சிறகைத் தூக்கிநிறுத்தப் போதுமான காற்று மேலே ஓடிக்கொண்டிருக்கும். தரையைப் பொறுத்த வேகமோ குறைந்துவிடும். ஆகவே காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தால், புறா கடைசி முப்பது மீட்டரை எந்தப் பக்கமிருந்து கடக்கும் என்பதும் தெரியும். அந்த இடத்தில் நடுவே ஒரு வெற்றிடம் விட்டு, சுற்றிலும் லாடம் போல் பார்வைப்புறாக்களை வைக்கிறார் அப்பா. கூட்டத்தின் நடுவில் காலி இடம் கண்டால் வருகிற பறவை அங்கேதான் இறங்கப் பார்க்கும். பேருந்தில் இடம் தேடும் கண் போலத்தான்.

தலைகளைப் பற்றியும் ஒரு விதி உண்டு. பெரும்பாலானவை குனிந்திருக்க வேண்டும். குனிந்த தலை, "இங்கே சாப்பாடு, பயமில்லை" என்கிறது. நிமிர்ந்த தலை, "எதையோ பார்த்துவிட்டேன்" என்கிறது. இந்த விதியை வாத்துகளிடம் சோதித்தவர்கள் நெதர்லாந்தின் ட்ரென்ட், ஸ்வியர்ஸ்ட்ரா என்னும் ஆய்வாளர்கள். 1977இல் வெளியான அந்தக் களச்சோதனையில், மேயும் நிலையில் செய்த பொம்மைக் கூட்டத்தையும் தலைநிமிர்ந்த பொம்மைக் கூட்டத்தையும் வயலில் வைத்தார்கள். மேலே பறந்துபோன பார்னக்கிள் வாத்துகள் மேயும் பொம்மைகளையே நாடின. உருவம் ஒன்றுதான், கழுத்தின் கோணம் மட்டும் வேறு.

புறாவின் கண்

"ஆடாம உக்காரு. தொப்பிய இறக்கிவிட்டுக்கோ. முகம் வெளியில தெரியக் கூடாது."

புறாவின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. முன்னால் ஒரு குறுகிய பட்டையில்தான் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும். அதற்கு ஈடாக, தலையைத் திருப்பாமலேயே பின்பக்கம் ஒரு சிறு கீற்றைத் தவிரச் சுற்றிலும் எல்லாம் தெரியும். நமக்கு நிறத்தை அறிய மூன்று வகைக் கூம்பு செல்கள், அதற்கு நான்கு. நாலாவதன் உதவியால் நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியும் அதற்கு ஒரு நிறம். நமக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சாம்பல் பூச்சுகள் அதற்கு இரண்டு வெவ்வேறு நிறமாக இருக்கலாம். பூச்சு பளபளத்தால் புறா விலகுகிறது, மங்கலாக இருந்தால் நம்புகிறது என்பது இந்தத் தொழிலில் பழகியவர்கள் எல்லாரும் சொல்வது.

அசைவைப் பிரித்தறிவதிலும் அது நம்மைவிடக் கூர்மை. நமக்குத் தொடர்ச்சியாக ஒளிரும் விளக்கு அதன் கண்ணுக்குத் துடிக்கலாம். மறைவிடத்தில் ஒரு கை மூக்கைச் சொறிய உயர்ந்தால், நூறு மீட்டருக்கு அப்பால் வந்துகொண்டிருக்கும் பறவை பாதையை மாற்றிவிடும். பதினொரு வயதுக்கு இது கடினமான பாடம்.

புறா நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் வெட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நடையின் துள்ளல் என்றுதான் தோன்றும். கனடாவில் பாரி ஃப்ராஸ்ட் என்பவர் 1978இல் புறாவை ஓடும் பட்டையின் மேல் நடக்கவிட்டார். கால் நடக்கிறது, ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள காட்சி நகரவில்லை. தலைவெட்டு நின்றுபோனது. அப்படியானால் அது காலின் வேலை அல்ல, கண்ணின் வேலை. உடல் முன்னேறும்போது தலையைக் கணநேரம் ஒரே இடத்தில் நிறுத்திவைத்து, காட்சி குழம்பாமல் பார்த்துக்கொள்கிறது புறா. பிறகு தலையைச் சட்டென முன்னே நீட்டி அடுத்த காட்சிக்குப் போகிறது.

ஆகவே மேயும் கூட்டம் என்றால் ஓயாத சிற்றசைவு. அசையாத கூட்டம் சந்தேகத்துக்கு உரியது. அந்த ஓட்டை வயிறில்லாமல் செய்திருப்பதன் காரணம் இப்போது புரிகிறது. குச்சியின் நுனியில் தளர்வாக உட்காரும் ஓடு, இளங்காற்றிலும் தலையாட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரே வெள்ளை, இரண்டு சேதி

ஒன்பது மணிக்கு முதல் பறவை வருகிறது. தோப்பின் மேலாக ஒரு புள்ளி, பிறகு சிறகு, பிறகு அது சிறகடிப்பதை நிறுத்தி, வளைத்து, வெற்றிடத்தை நோக்கிச் சரிகிறது. அப்பா எழுந்து சுடுகிறார். விழுந்த பறவையைச் சுற்றி வெண்சாம்பல் இறகு பறக்கிறது. புறாவின் இறகு தோலில் அவ்வளவு இறுகிப் பிடித்திருப்பதில்லை. பருந்து பாய்ந்தால் நகத்தில் ஒரு பிடி இறகை விட்டுவிட்டு உடல் தப்பிப்பதற்கான ஏற்பாடு என்று இதைச் சொல்வார்கள்.

"ஓடிப்போய் எடுத்துட்டு வா. சிறகு விரிஞ்சு கிடக்கு பாரு, அப்படி விடக் கூடாது."

காட்டுப்புறாவின் சிறகில் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. மடித்திருக்கும்போது ஓரத்தில் ஒரு கோடு போலத்தான் தெரியும். விரித்தால் அரை வயலுக்கு அப்பாலிருந்தும் பளிச்சிடும். பிரிட்டிஷ் வேளாண் அமைச்சகத்தில் பணியாற்றிய இங்லிஸ், ஐசக்சன் என்னும் இரு ஆய்வாளர்கள், இந்தப் பட்டை புறாவுக்கு என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பயிரைக் காப்பாற்ற ஒரு மிரட்டும் அடையாளம் வேண்டியிருந்தது. வெவ்வேறு நிலைகளில் புறா உருவங்களை வயலில் வைத்துப் பார்த்து 1984இல் முடிவை வெளியிட்டார்கள். சிறகு மடித்த உருவம் புறாவை இழுத்தது. சிறகு விரித்து வெள்ளைப் பட்டை தெரியக் கிடந்த உருவம் புறாவை விரட்டியது.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பயந்த புறா சடாரென்று எழும்பும்போது அந்த வெள்ளை மின்னும். பார்த்த மாத்திரத்தில் பக்கத்துப் புறாவும் எழும்பும். அந்தச் சேதியைத் தரையிலேயே நிலையாக எழுதிவைத்தது போல் ஆகிவிடுகிறது விரிந்து கிடக்கும் உடல். வேட்டைக்காரர்கள் இதை ஆய்வுக்கு முன்பே பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். விழுந்த பறவையைச் சிறகு மடித்து, தாடைக்குக் கீழே ஒரு குச்சி முட்டுக்கொடுத்து, மேய்வதுபோல் உட்கார வைப்பார்கள்; சிதறிய இறகையும் பொறுக்கிவிடுவார்கள். நம் சிறுமியும் அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் அடுத்து அப்பா செய்வது இதற்கு நேர் எதிராகத் தெரிகிறது. பையிலிருந்து ஒரு மோட்டாரையும் இரண்டு நீண்ட கம்பிக் கைகளையும் எடுத்து ஊன்றுகிறார். கைகளின் நுனியில் சிறகு விரித்த இரண்டு புறா. கார் பேட்டரியில் இணைத்ததும் அவை ராட்டினம்போல் மெல்லச் சுற்றுகின்றன. இதைக் காந்தம் என்றே அந்த ஊரில் அழைக்கிறார்கள். விரிந்த சிறகு விரட்டும் என்றால், இது மட்டும் எப்படி இழுக்கும்?

வெள்ளை அதேதான், அது அசையும் விதம் வேறு. சுற்றிவரும் சிறகில் பட்டை தோன்றி மறைந்து மீண்டும் தோன்றுவது, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புறா இறங்குவதைப் போன்றது. இறங்குகிற புறா என்றால் அங்கே தீனி உண்டு. சொல் ஒன்றே ஆனாலும் தொனி மாறினால் பொருள் மாறுவது நம் பேச்சில் மட்டுமா? புறாவின் மொழியிலும் அப்படித்தான் போலிருக்கிறது. இந்தக் காந்தமும் எப்போதும் பலிப்பதில்லை. அதன் கீழ் ஓரிரு முறை சுடப்பட்டுத் தப்பிய புறாக்கள் அதைக் கண்டதுமே ஒதுங்கிப்போகின்றன என்று வேட்டைக்காரர்கள் குறைப்படுவார்கள். பார்வை கற்றுக்கொள்ளவும் செய்கிறது.

ஏன் கூட்டத்தைத் தேடி வருகிறது?

தனியே பறக்கும் புறாவுக்கு ரேப் வயல் எங்கும் ஒரே பச்சைதான். நாலாபக்கமும் சாப்பாடு இருக்க, மற்றப் புறா உட்கார்ந்த இடத்துக்கே ஏன் வர வேண்டும்?

ராபர்ட் கென்வர்ட் என்பவர் இதற்குப் பருந்தின் பக்கமிருந்து விடை தேடினார். பழக்கிய கோஷாக் என்னும் பெரிய வல்லூறைக் காட்டுப்புறாக்கள் மேல் ஏவி, எத்தனை முறை பிடிக்கிறது என்று எண்ணினார். 1978இல் அவர் வெளியிட்ட கணக்கு இது: தனிப் புறாவின் மேல் ஏவினால் ஐந்தில் ஏறக்குறைய நான்கு முறை வெற்றி. ஐம்பதுக்கு மேற்பட்ட கூட்டத்தின் மேல் ஏவினால் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. கூட்டம் பெரிதாகப் பெரிதாக, வல்லூறு இன்னும் தொலைவில் இருக்கும்போதே புறாக்கள் எழும்பிவிட்டன. நூறு கண் விழித்திருக்கும்போது உன் இரண்டு கண் இலையைப் பார்க்கலாம்.

தனிப் புறாவுக்குப் பார்வைப்புறாக் கூட்டம் என்பது உயிர்க்காப்பீடு. அதனால்தான் காலை முழுவதும் அப்பாவின் எல்லைக்குள் வருபவை பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாக அலைபவை. நூறு சேர்ந்த கூட்டம் மேலே வட்டமடித்துவிட்டுத் தன்பாட்டுக்கு அப்பால் போய் இறங்குகிறது.

கூட்டத்துக்குள்ளும் எல்லாருக்கும் ஒரே பங்கு இல்லை. கார்ல்டன் என்னும் சிற்றூர் இதே கேம்பிரிட்ஜ்ஷையரின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. அதன் வயல்களில் ஆர்.கே. மர்ட்டனும் அவருடைய தோழர்களும் 1950களின் இறுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் காட்டுப்புறாக்களைக் கவனித்தார்கள். மேயும் கூட்டத்தின் முன்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் அடங்கிப்போகும் பறவைகள் என்று கண்டார்கள். பின்னாலிருந்து வரும் வலியவை தள்ளத் தள்ள இவை முன்னே முன்னே நகர்கின்றன. அடிக்கடி தலைநிமிர்ந்து பார்க்கின்றன. நிமிடத்துக்கு இத்தனை கொத்து என்று எண்ணினால் நடுவில் இருப்பவற்றைவிடக் குறைவாகவே கொத்துகின்றன. குளிர்காலத்தில் முதலில் மெலிபவை அவைதான்.

ஒரு பை நிறையப் பச்சை

பகலுணவு வேளை. துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை எடுத்துவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறக்கிறார் அப்பா. மகள் இன்னும் துப்பாக்கியைத் தொடவில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி 15 வயது நிரம்பாதவர் ரவைத் துப்பாக்கியை ஏந்த வேண்டுமானால் 21 வயதுக்குக் குறையாத ஒருவர் உடன் இருந்தாக வேண்டும். இந்த வீட்டில் அதற்கும் மேல் ஒரு விதி: முதல் ஆண்டு கண்ணுக்கு, கைக்கு அப்புறம்.

அவளுக்கு ஒரு கணக்கு மட்டும் கிடைக்கிறது. புறா நொடிக்கு 17 மீட்டர் போகிறது. ரவை முப்பது மீட்டரைக் கடக்கச் சராசரியாக நொடிக்கு 300 மீட்டர் என்று வைத்தால் பத்தில் ஒரு நொடி. அதற்குள் புறா எவ்வளவு போயிருக்கும்? "ஒண்ணே முக்கால் மீட்டர்... கிட்டத்தட்ட." அப்படியானால் புறா இருக்கும் இடத்தைக் குறிபார்த்தவருக்குப் புறா கிடைக்காது. இருநூறுக்கு மேற்பட்ட ரவைகள் ஒரு மேகமாய்ப் போவதால் கொஞ்சம் பிசகு பொறுக்கும், அதிகம் பொறுக்காது. தொலைவு கூடக் கூட அந்த மேகம் கிழிந்து, பறவை சாகாமல் காயத்தோடு போகும் வாய்ப்பு கூடும். ஆகவே எது எட்டும் தொலைவு என்பதைத் தெரிந்து, எட்டாததை விட்டுவிடுவதுதான் இந்த விளையாட்டில் நாணயம்.

அவர் தோட்டாவில் இருப்பது எஃகு ரவை. ஈய ரவை வயலில் சிதறிக் கிடக்கும். கல் என்று நினைத்துப் பறவைகள் விழுங்கும். இரைப்பையில் அரைபட்டு நஞ்சாகும். இங்கிலாந்தின் ஈரநிலங்களில் 1999 முதலே ஈயத்துக்குத் தடை. 2020இல் பிரிட்டனின் ஒன்பது துப்பாக்கி, கிராம அமைப்புகள் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் ஈயத்தைத் தாமாகவே கைவிட வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டன.

அப்பா ஒரு புறாவின் தொண்டைக்குக் கீழே கத்தி நுனியால் கீறுகிறார். தீனிப்பை. உள்ளே கசங்காமல், மென்று அரைக்காமல், கிழித்த வாக்கிலேயே ரேப் இலைகள் திணித்துக் கிடக்கின்றன. மகளின் உள்ளங்கை நிறைந்துவிடுகிறது. இலையில் பெரும்பகுதி தண்ணீர். உடலுக்கு எட்டும் சத்து கொஞ்சம்தான். ஆகவே குறுகிய குளிர்காலப் பகல் முழுவதும் தின்று, மாலையில் பையை நிரப்பிக்கொண்டு தோப்புக்குப் போய், இரவெல்லாம் செரிக்கிறது. புறாவின் இரவுச் சோறு அதன் கழுத்திலேயே பயணம் செய்கிறது.

அதே பைதான் அடுத்த தலைமுறைக்கும் அடுக்களை. தானியம் தின்னும் பறவைகளில் பலவும் குஞ்சுக்குப் பூச்சி பிடித்தே ஊட்டும். பூச்சி இல்லாத காலத்தில் குஞ்சு பொரிக்க முடியாது. புறாவோ தன் தீனிப்பையின் உட்சுவரிலிருந்து தயிர்போன்ற ஒரு பொருளைச் சுரந்து ஊட்டுகிறது. தாய் மட்டுமல்ல, தந்தையும். புறாப்பால் என்று அதற்குப் பெயர். பூச்சியை நம்பியிராததால், தானியம் உதிரும் கோடைக் கடைசியிலும் அது குஞ்சு பொரிக்கும். ஒரு முறைக்கு இரண்டே முட்டை. ஆனால் ஓர் ஆண்டில் பலமுறை.

தோற்ற அனுபவம்

அனுபவம் பெரிதாகத் தோற்றது இந்தக் கணக்கில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, புறாக்களைச் சுட்டால் புறா குறையும், பயிர் பிழைக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள்; அரசும் நம்பியது. குளிர்காலக் கடைசியில் ஊர் கூடித் தோப்புகளில் அடையவரும் புறாக்களைச் சுட, தோட்டாச் செலவில் ஒரு பகுதியை அரசே கொடுத்தது.

மர்ட்டன் குழு கார்ல்டனில் எண்ணிப் பார்த்தது. அன்று அங்கே ரேப் இல்லை. குளிர்காலத் தீனி கிளோவர் என்னும் தீவனச்செடியின் இலை. கடைசிக் குளிரில் எத்தனை புறா எஞ்சும் என்பதை அந்த இலையின் அளவே தீர்மானித்தது. சுட்டாலும் சுடாவிட்டாலும் மார்ச் மாதக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சுடப்பட்டவற்றின் இடத்தில், பட்டினியால் விழுந்திருக்க வேண்டிய வேறு சில பிழைத்துக்கொண்டன. பத்துப் பேருக்குச் சோறுள்ள பந்தியில் பதினைந்து பேர் காத்திருக்கும்போது ஐந்து பேரை வெளியே அனுப்பினால் பந்தி காலியாகாது. இதை ஈடுசெய்யும் இறப்பு என்கிறது சூழலியல். தோட்டா மானியம் பின்னர் கைவிடப்பட்டது. இன்று பிரிட்டனில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் காட்டுப்புறா சுடப்பட்டும் அது பெருகியே இருப்பதன் விளக்கத்தில் பாதி அங்கே இருக்கிறது. மீதிப் பாதி, ரேப் வயல் பந்தியைப் பெரிதாக்கியது.

அப்படியானால் எந்தப் புறாவையும் எவ்வளவு சுட்டாலும் குறையாதா? வட அமெரிக்காவின் பயணப்புறாவைக் கேட்க வேண்டும். வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பறவையைப் பிடிக்க 19ஆம் நூற்றாண்டு வேட்டைக்காரர்கள் உயிருள்ள புறாவின் இமையைத் தைத்து, ஏறி இறங்கும் ஒரு சிறு பீடத்தில் கட்டிவைத்தார்கள். பீடம் இறங்கும்போது அது சிறகடிக்கும், மேலே போகும் கூட்டம் இறங்கும், வலை விழும். 1914 செப்டம்பர் 1ஆம் நாள், சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் மார்த்தா என்னும் கடைசிப் பயணப்புறா இறந்தது. அந்த இனம் பெருங்கூட்டமாக ஒரே காட்டில் கூடு கட்டியது. ஒரு முறைக்கு ஒரே முட்டை இட்டது. ரயிலும் தந்தியும் வந்தபின் கூடுகட்டும் இடம் தெரிந்ததுமே வேட்டைக்காரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். காடுகளும் அழிந்தன. காட்டுப்புறா வேலிக்கு வேலி தனித்தனியே கூடு கட்டுகிறது. கூட்டத்தை நாடும் குணம் இரண்டுக்கும் பொது. குஞ்சு பொரிக்கும்போதும் கூட்டத்தை நம்பியது எதுவோ, அது அழிந்தது.

உயிருள்ள பறவையைக் கட்டியோ கண்ணைக் கெடுத்தோ பார்வையாக வைப்பது பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். காட்டுப்புறாவைச் சுடுவதுகூட அங்கே வெறும் பொழுதுபோக்காக அனுமதிக்கப்பட்டதல்ல. பயிருக்குக் கடும் சேதம் வராமல் தடுக்க என்ற காரணத்தோடு வரும் பொது அனுமதியின்கீழ்தான் நடக்கிறது. 2019 ஏப்ரலில் வைல்ட் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு எடுத்த சட்ட நடவடிக்கையால், நேச்சுரல் இங்கிலாந்து அந்த அனுமதிகளைத் திரும்பப் பெற்றது; பின்னர் திருத்திய நிபந்தனைகளோடு புதியவை வந்தன. அந்த அனுமதியின் அடிப்படையே "சேதத்தைத் தடுக்கிறதா?" என்னும் கேள்வி. மர்ட்டன் கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான்.

பொழுது சாய

நான்கரை மணிக்கு வெளிச்சம் மஞ்சளாகிறது. பதினாறு புறா. பக்கத்து ஊர் இறைச்சிக் கடையில் பத்து, மீதி வீட்டுக்கு. மகள் வயலுக்குள் போய்ப் பார்வைப்புறாக்களைப் பிடுங்கி அடுக்கத் தொடங்குகிறாள். வானத்தில் தோப்பை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. எண்ண ஆரம்பித்து, முந்நூறு தாண்டியதும் விட்டுவிட்டாள்.

"நாம சுட்டதால குறையுமா, அப்பா?"

துப்பாக்கியை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்சம் யோசித்தார். "இந்த வயல்ல... இன்னிக்கு."

விவசாயிக்கும் உண்மையில் வேண்டியது அவ்வளவுதான். பயிர் எழும்பி, இலை உயரே போகும்வரை இந்த மூலையில் கூட்டம் இறங்கி நிலைக்காதிருந்தால் போதும்.

வயலில் இன்னும் மூன்று பார்வைப்புறா மிச்சம். அப்போதுதான் வேலியைத் தாண்டி ஒரு புறா வந்தது. அவள் குனிந்த நிலையிலேயே உறைந்தாள். அது காற்றுக்கு முகம் திருப்பி, வால் விரித்து, மூன்று ஓடுகளுக்கும் பத்தடி முன்னால் இறங்கியது. கழுத்தில் வெள்ளை இல்லை. போன ஆண்டுக் கடைசிக் குஞ்சாக இருக்க வேண்டும். தலையை வெட்டி வெட்டி நடந்தது. ஒரு கொத்து. நிமிர்ந்து பார்த்தது. இரண்டு கொத்து. மறுபடி நிமிர்ந்தது. அவள் வாய்க்குள்ளேயே எண்ணினாள்: எத்தனை கொத்துக்கு ஒரு நிமிர்வு. மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்பதுவரை எண்ணியிருப்பாள், தொப்பி நழுவியது.

சடசடவென்ற ஓசை, இரண்டு வெள்ளைப் பட்டை, அப்புறம் வெறும் வயல்.

"அப்பா," என்று கத்தினாள், "அது என்னப் பாத்துடுச்சு!"